ஏழாவது கல்

பவள விழா மலர் என்று ஒன்றை அச்சடிக்காவிட்டால் இந்த மலையில் எந்தக் கட்டடத்துக்கும் எழுபத்தைந்து வயது ஆகாது போலிருக்கிறது. கொடைக்கானல் பஜாரில் எங்கள் அச்சகம் இருக்கிறது. அத்தா ஜலாலுதீன் ஆரம்பித்தது. அவருக்குப் பிறகு நான், ஜஹீரா, நடத்துகிறேன். பள்ளிக்கூட மலர், சங்க மலர், கோயில் மலர் என்று எத்தனையோ போட்டாயிற்று. முதல் பத்துப் பக்கம் வாழ்த்துரை, கடைசிப் பத்துப் பக்கம் விளம்பரம், நடுவில் பொய். இந்த வரிசை மாறிய ஒரு மலரை நான் இன்னும் பார்க்கவில்லை.

மந்தைப்பாறை தேவாலயத்தின் மலரைக் கொண்டுவந்தவர் சேனாதிபதி. விழாக் குழுத் தலைவர். பெயருக்கு ஏற்ற மீசை உண்டு. அவர் பார்த்த ஒரே போர் பஞ்சாயத்துத் தேர்தல், அதிலும் தோற்றார். மந்தைப்பாறை, வடகவுஞ்சியைத் தாண்டி உள்ளே போனால் வரும் சின்ன ஊர். பூண்டும் கேரட்டும் விளையும். இப்போது சேனாதிபதியின் மூன்று ஹோம்ஸ்டேக்களும் அங்கே விளைந்திருக்கின்றன. அவற்றில் ஒன்றின் பெயர் 'செவன் ஹீரோஸ்'.

அந்த ஏழு பேர் யார் என்று சொல்லிவிடுகிறேன். இரண்டாம் உலகப் போருக்கு அந்த ஊரிலிருந்து போனவர்களின் நினைவாக ஊரே சேர்ந்து கட்டிய தேவாலயம் அது. வீட்டுக்கு ஒரு ஆள் என்று முறை வைத்து, இந்து வீடு, கிறிஸ்தவ வீடு என்று பார்க்காமல் ஓடையிலிருந்து கல் சுமந்தார்கள். அது உண்மை, அதை நான் கேலி செய்ய மாட்டேன். வாசலுக்கு மேலே கல் வளைவு. அதில் ஏழு கற்கள், கல்லுக்கு ஒரு பெயர். உச்சியில், நடுவில் இருக்கும் கல்லில் 'திருமலைச்சாமி, பர்மா, 1944' என்று செதுக்கியிருக்கும். வருகிறவர்கள் எல்லாரும் அதற்கு நேர் கீழே நின்றுதான் செல்ஃபி எடுப்பார்கள்.

சேனாதிபதி தலவரலாற்றைத் தானே எழுதியிருந்தார். ஊர்க்காரர்களைக் கேட்டு எழுதினாராம். யாரைக் கேட்டார் என்று தெரியவில்லை, கண்ணாடியைக் கேட்டிருக்கலாம். பதினேழாம் பக்கத்தில் திருமலைச்சாமி வருகிறார். பர்மாக் காட்டில் குண்டடி பட்டு, தாய்நாட்டை நினைத்தபடி கண் மூடுகிறார். உடனே அடுத்த வரி: 'அவர்தம் துணைவியார் அழகம்மாள், தம் இறுதி மூச்சு வரை கைம்பெண்ணாகவே வாழ்ந்து, கணவரின் நினைவையே சுவாசித்தார்.'

நான் அதை டைப் அடித்தேன். சுவாசித்தாரில் ஒரு துணைக்கால் விட்டுப் போயிருந்தது, அதைத் திருத்தினேன். அவ்வளவுதான் எனக்குத் தோன்றியது. சேனாதிபதி வந்தார், புரூஃப் பார்த்தார், பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட்டார், தன் போட்டோவை மட்டும் இன்னும் கொஞ்சம் பெரிதாக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டு நாள் கழித்து, கடையைத் திறந்த கொஞ்ச நேரத்தில் ஒரு பெரியவர் வந்தார். காதைச் சுற்றி மஃப்ளர், கையில் மஞ்சள் பை, உடம்பெல்லாம் பச்சைப் பூண்டு வாசனை.

"தாயி, நீங்கதான் மந்தைப்பாறை புத்தகம் போடுறீங்களா?"

"ஆமாங்கய்யா. நீங்க?"

"எம்பேரு அழகுமலை. திருமலைச்சாமி மகன். நடுக்கல்லுல இருக்காருல்ல, அவரோட மகன். விழாவுல வாசிக்கப் போறதைச் சேனாதிபதி நேத்துச் சாவடியில படிச்சுக் காமிச்சாரு. அதான் வெள்ளனே பஸ் ஏறி வந்துட்டேன்."

பைக்குள்ளிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். உள்ளே பழுத்துப் போன ஒரு கார்டு. கருமாதிப் பத்திரிகை. நிகழும் பிரபவ வருடம் ஐப்பசி மாதம் என்று ஆரம்பித்து, எங்கள் தந்தையார் திருமலைச்சாமி அவர்கள் சிவலோக பதவி அடைந்ததை முன்னிட்டு என்று போனது. இங்கிலீஷ் தேதியும் போட்டிருந்தது. 1987.

"பர்மாவுல செத்தவருக்கு நாப்பத்து மூணு வருஷம் கழிச்சா கருமாதி பண்ணுனீங்க?" என்று கேட்டேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

"செத்தாத்தானே தாயி கருமாதி பண்ண முடியும்? மொத தடவை அவரு சாகலை. ரெண்டாவது தடவைதான் ஒழுங்காச் செத்தாரு."

பெரியவர் சிரிக்கவில்லை. நான் ஸ்டூலை இழுத்துப் போட்டேன்.

அவர் சொன்னதை நான் சுருக்கிச் சொல்கிறேன், கோபத்தை மட்டும் சுருக்கவில்லை. 1944இல் பட்டாளத்திலிருந்து ஒரு கடிதம் வந்திருக்கிறது. திருமலைச்சாமியைக் காணவில்லை என்றுதான் அதில் இருந்தது. செத்துவிட்டார் என்று இல்லை. ஆனாலும் ஒரு வருடம் பார்த்துவிட்டுச் சொந்தக்காரர்கள் அழகம்மாளின் தாலியை இறக்கிவிட்டார்கள். போர் முடிந்ததும் வெள்ளைக்காரப் பாதிரியார் தேவாலய வேலையைத் தொடங்கினார். செத்தவர்கள் பெயரை வாசல் வளைவில் செதுக்குவதாக முடிவு. கல் வேலைக்குப் பாலசமுத்திரத்திலிருந்து ஒரு கொத்தனார் வந்தார். அவர் எண்ணிப் பார்த்துவிட்டுக் கையை விரித்துவிட்டார். வளைவுக்குக் கல் ஒற்றைப்படையில் இருக்க வேண்டும், உச்சியில் ஒரு நடுக்கல் வேண்டும், அது இல்லாமல் தன் குருவே வந்தாலும் கட்ட மாட்டேன் என்றார். ஊரில் செத்தவர்களோ ஆறு பேர்.

நடுவில் சிலுவை செதுக்கலாம் என்றார் பாதிரியார். இந்து வீடுகள் முகத்தைத் திருப்பின. ஒன்றும் செதுக்காமல் விடலாம் என்றது ஊர். அப்படியானால் சிலுவையை மறுத்ததாகத்தானே அர்த்தம் என்று கிறிஸ்தவ வீடுகள் முகத்தைத் திருப்பின. கல் சுமக்கிற முறையே நின்றுபோகும் போலிருந்தது. அப்போதுதான் யாருக்கோ மூளை வேலை செய்தது. காணாமல் போன ஒருவன் இருக்கிறானே! அவனை நடுவில் வைத்தால் யாருக்கும் மனத்தாங்கல் இல்லை. வைத்தார்கள். ஒரு வளைவு நிற்பதற்காக ஒரு ஆளைச் சாகடித்தார்கள். இதைவிட ஒற்றுமையாக அந்த ஊர் அதற்கு முன்னும் பின்னும் எதையும் செய்ததாகத் தெரியவில்லை.

1946 ஆடி மாதம் திருமலைச்சாமி பஸ்ஸில் வந்து இறங்கி, மிச்ச தூரத்தை நடந்து ஊருக்குள் வந்தார். ஜப்பான்காரனிடம் பிடிபட்டு, ரயில் பாதைக்கு மண் வெட்டி, காய்ச்சலில் பாதி உடம்பாகிப் போய் வந்திருக்கிறார். வளைவு அதற்கு முன்னாலேயே எழும்பியிருந்தது. தன் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தாராம்.

ஊர் சாமிக்கு இது பெரிய விஷயமாக இல்லை. ஓடையில் மூன்று முழுக்குப் போட வைத்து, பூம்பாறை முருகன் கோயிலில் அழகம்மாளுக்கு மறுபடியும் தாலி கட்ட வைத்தார்கள். முடிந்தது. கல்லுக்குத்தான் எந்தப் பரிகாரமும் இல்லை. நடுக்கல்லை உருவினால் வாசலே கீழே வந்துவிடும் என்றார் கொத்தனார். பெயரை மட்டும் கொத்தி அழித்தால் பழைய வெறுங்கல் சண்டை மறுபடியும் கிளம்பும். பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். அவர்கள் சொன்ன பதிலை அழகுமலை அப்படியே சொன்னார்.

"'ஏலே திருமலை, எப்படியும் ஒருநாள் நீ சாகத்தானே போறே, அப்ப சரியாப் போயிரும், கொஞ்சம் பொறுத்துக்கோ'ன்னாங்களாம். எங்கப்பாவும் பொறுத்துக்கிட்டாரு. நாப்பத்தோரு வருஷம். சும்மாவும் இல்லை தாயி, அந்தக் கோயிலு கூரைக்கு ரெண்டு வருஷம் மரம் சுமந்தாரு. தெனமும் அவரு பேருக்குக் கீழதான் குனிஞ்சு போவாரு, வருவாரு."

"இப்ப என்ன பண்ணணும்ங்கய்யா? பேரை எடுக்கணுமா?"

"கல்லு கெடந்துட்டுப் போகட்டும். அவரே அதோட சண்டை போடலை, நான் எதுக்குப் போடணும்? அந்த ஒரு வரி. எங்க ஆத்தா கடைசி வரைக்கும் முண்டச்சியா இருந்துச்சுன்னு போட்டிருக்காருல்ல, அது. நான் அம்பதுல பொறந்தவன். அப்ப நான் யாரு புள்ள?"

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. டைப் அடித்த விரல் என்னுடையதுதானே.

"பள்ளிக்கூடத்துல 'செத்தவன் மகன், செத்தவன் மகன்'னு கூப்பிடுவானுங்க. அது வெளையாட்டு. இது புத்தகம். என் பேத்தி ரம்யா மதுரையில காலேஜ் படிக்குது. அது கணக்குப் போட்டுப் பாக்கும். ஆத்தாவைப் பத்தி அது என்ன நெனைக்கும்?"

சேனாதிபதிக்குப் போன் போட்டேன். பஜாரில்தான் இருந்தார். வரும்போதே கையை விரித்துக்கொண்டு வந்தார்.

"என்ன அழகுமலை, ஸ்டேஜ்ல உங்களைத்தான் மொதல்ல கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்துறோம். அதுக்கு ரெடியாகாம இங்க என்ன சோலி?"

"அந்த ஒரு வரியை எடுத்துருங்க."

"அந்த வரியிலதானய்யா உயிரே இருக்கு! சீஃப் கெஸ்ட் கர்னல் சாருக்குப் போன்ல படிச்சுக் காமிச்சேன். அழுதுட்டாரு."

"எங்க ஆத்தா சுமங்கலியாப் போச்சுங்க. எல்லாரையும் விட உங்களுக்கே நல்லாத் தெரியும். நீங்க சாவுக்கு வந்தீங்க."

"நான் இல்லைன்னு சொல்லலையே. ஆனா நாப்பத்தி அஞ்சுல தாலி எறக்குனது உண்மையா இல்லையா? ஒரு வருஷம் கைம்பெண்ணா இருந்தாங்கல்ல? அதைத்தான் எழுதியிருக்கேன்."

"இறுதி மூச்சு வரைன்னு போட்டிருக்கே சார்" என்றேன் நான்.

"அது இலக்கியம்மா" என்றார் சேனாதிபதி.

பெரியவர் கருமாதிப் பத்திரிகையை நீட்டினார். சேனாதிபதி அதை வாங்கவில்லை. ஏழு குத்துவிளக்கு வாங்கியாயிற்று, லோகோவில் ஏழு நட்சத்திரம் போட்டாயிற்று, டூரிஸ்ட் நோட்டீஸ் எல்லா ஹோட்டலுக்கும் போய்விட்டது, திரும்பி வந்த ஒருத்தரை வைத்துக்கொண்டு தான் என்ன செய்வது என்று என்னிடம் கேட்டார். திரும்பி வந்தது ஏதோ ஒழுக்கக்கேடு என்பது போல இருந்தது அவர் பேச்சு. செத்த ஏழு பேரால் ஊருக்குப் பெயர் வந்தது, உயிரோடு வந்து பூண்டு போட்ட ஒருவரால் என்ன வந்தது?

"புரூஃப்ல கையெழுத்துப் போட்டாச்சுல்லம்மா?" என்றார் முடிவாக.

மவுஸ் என் கையில் இருந்தது. அந்தப் பக்கம் திரையில் திறந்தே இருந்தது. ஒரு வரி. அதை அழிக்க ஒரு நொடி போதும். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "போட்டாச்சு சார்" என்றேன். சேனாதிபதியை இவ்வளவு நேரம் கரித்துக் கொட்டினேனே, நான் மட்டும் பெரிய யோக்கியமா? வாடிக்கை போய்விடும் என்று பயந்தேன், அவ்வளவுதான்.

பெரியவர் கார்டை மேஜையில் வைத்தார். "இது உங்க கடையில அடிச்சதுதான். நீங்களே வச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். எடுத்துப் பார்த்தேன். அடியில் பொடி எழுத்தில் 'ஜலால் பிரஸ், கொடைக்கானல்' என்று இருந்தது. ஒரே அச்சகம் ஒரே மனிதரை இரண்டு தேதியில் சாகடிக்கப் போகிறது. அத்தா எழுத்துக் கோத்து அடித்தது உண்மை, நான் கம்ப்யூட்டரில் அடித்தது பொய். தொழில்நுட்பம் வளர்ந்திருக்கிறது.

ஜனவரி இரண்டாம் ஞாயிறு விழா. ஐந்நூறு மலரை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு நானே போனேன். அனுப்பிவைத்திருக்கலாம். ஏன் போனேன் என்று கேட்டால், அந்த வளைவை ஒருமுறை நிமிர்ந்து பார்க்க வேண்டும் போலிருந்தது. வாசலுக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு மேஜை போட்டுக் கொடுத்தார்கள். விழா முடிந்து ஜனங்கள் வெளியே வரும்போது ஆளுக்கு ஒன்று கொடுக்க வேண்டும். உள்ளே ஏழு விளக்கு, ஏழு மலர்வளையம், ஏழு நாற்காலி. பழனியிலிருந்து பேண்டு செட். ஆராதனை மேடையில் சேனாதிபதி எழுந்து பேசினார், உட்கார்ந்தார், மறுபடியும் எழுந்து பேசினார்.

சிறப்பு விருந்தினர் கர்னல் மனோஜ்குமார் ஓய்வு பெற்றவர், கோயம்புத்தூர்க்காரர். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மேடையில் உட்காருகிறவர்களுக்கு முன்கூட்டியே அனுப்பிய மலரை அந்த மனிதர் முழுக்கப் படித்துவிட்டு வந்திருந்தார், அதைச் செய்த ஒரே ஆள் அவர்தான். வீரர்களின் வாரிசுகளை அழைத்தார்கள். முதலில் அழகுமலை. வெள்ளைச் சட்டை, மஃப்ளர் இல்லை. கர்னல் பொன்னாடையைப் போர்த்தினார். போர்த்திவிட்டு, மைக்கை வாங்கிக்கொண்டு, பெரியவரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"ஐயா, உங்களை ஒண்ணு கேக்கணும்னு வந்ததுல இருந்து நெனைச்சுட்டு இருக்கேன். உங்கப்பா இறந்தப்போ உங்களுக்கு என்ன வயசு இருக்கும்? கைக்குழந்தையா இருந்திருப்பீங்க, இல்லையா?"

மைக்கை அவர் வாய்க்கு நேராகப் பிடித்தார்.

"முப்பத்தேழுங்க" என்றார் அழகுமலை.

கர்னல் தப்பாகக் கேட்டுவிட்டோம் என்று நினைத்திருக்க வேண்டும், மறுபடியும் கேட்டார். "முப்பத்தேழு" என்று மறுபடியும் பதில் வந்தது. பின்வரிசையில் உட்கார்ந்திருந்த டூரிஸ்ட்டுகளில் யாரோ சிரித்தார்கள். கர்னல் மலரைத் திறந்து பதினேழாம் பக்கத்தைப் புரட்டினார். சேனாதிபதி எழுந்து வந்து, "பெரியவருக்கு வயசாயிருச்சு சார், கொஞ்சம் தடுமாறும்" என்று மைக்கை வாங்கப் பார்த்தார். கர்னல் கொடுக்கவில்லை.

"தடுமாறலைங்க" என்றார் அழகுமலை. "எங்கப்பா நாப்பத்தாறுல திரும்பி வந்துட்டாரு. இந்தக் கூரைக்கு அவருதான் மரம் சுமந்தாரு. எம்பத்தேழுலதான் செத்தாரு. அது போகட்டும். எங்க ஆத்தா அவருக்கு முன்னால எம்பத்தொண்ணுல போச்சு. தலை நெறைய பூ வச்சு, மஞ்சக் குங்குமத்தோட, அவரு முன்னால நின்னு அனுப்புனாரு. இந்த ஊருல அம்பது வயசுக்கு மேல இருக்குற எல்லாரும் அன்னைக்கு எங்க வீட்டு வாசல்லதான் நின்னாங்க. கேட்டுப் பாருங்க."

கர்னல் நிமிர்ந்து கூட்டத்தைப் பார்த்தார். "அப்படியா?" என்று கேட்டார். ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. தலை நரைத்தவர்கள் எல்லாம் செருப்பைக் கழற்றிப் போட்ட தங்கள் கால் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஊர் கூடிக் கல் சுமக்கத் தெரிந்தவர்களுக்கு, ஊர் கூடி ஒரு 'ஆமாம்' சொல்ல வரவில்லை. மௌனம் நீண்டுகொண்டே போக, இதுதான் மௌன அஞ்சலி என்று நினைத்துவிட்ட பேண்டுக்காரர், அது முடிந்ததும் ஊதவேண்டிய பியூகிளை எடுத்து முழுமூச்சாக ஊதிவிட்டார். எல்லாரும் எழுந்து நின்றார்கள்.

ஊதி முடிந்ததும் கர்னல் மெதுவாகக் கேட்டார். "அப்போ, ஆறு பேர்தானா?"

"இல்ல சார், ஏழு" என்றார் சேனாதிபதி. "வெளிய வந்து எண்ணிப் பாருங்க, கல்லு ஏழு இருக்கு."

அழகுமலை பொன்னாடையை எடுத்து நாலாக மடித்தார். சண்டையாக வீசவில்லை, பதமாகத்தான் கொடுத்தார். "இது செத்தவரோட மகனுக்கு வச்சது. அது நான் இல்லைங்க" என்று சொல்லி, கர்னல் கையிலேயே வைத்துவிட்டு மேடையை விட்டு இறங்கினார்.

நான் என் மேஜைக்கு ஓடினேன். வெட்கத்தில் காது சூடாகியிருந்தது. பண்டல் கட்டை அறுத்தேன். பையில் கறுப்பு மார்க்கர் இருந்தது, பார்சலுக்குப் பெயர் எழுத வைத்திருப்பது. முதல் மலரை எடுத்துப் பதினேழாம் பக்கத்தை விரித்து அந்த வரியை அடித்தேன். இரண்டாவதை எடுத்தேன். மூன்றாவது. பின்னாலேயே வந்த சேனாதிபதி பதறிப்போனார்.

"என்னம்மா பண்றே? மலர் நாசமாப் போகுது!"

"பிழை திருத்தம் சார். அச்சகத்தோட பொறுப்பு. நீங்க போய் ஏழு விளக்கும் எரியுதான்னு பாருங்க."

அவர் ஏதேதோ சொன்னார். இனிமேல் என் கடைப் பக்கமே வரமாட்டேன் என்றும் சொன்னார். வராமலே இருக்கட்டும்.

எட்டாவதோ ஒன்பதாவதோ அடித்துக்கொண்டிருந்தபோது மேஜையில் நிழல் விழுந்தது. வளைவுக்குக் கீழே குனிந்து வெளியே வந்த அழகுமலை எனக்கு முன்னால் நின்றார். அந்த வாசல் உயரமானது, குனிய வேண்டிய அவசியமே இல்லை. அப்பாவைப் பார்த்துப் பழகியிருப்பார்.

"அந்த வரியை அடிச்சிட்டீங்களா தாயி?"

"அடிச்சிட்டேங்கய்யா. ஐந்நூறையும் அடிச்சிட்டுத்தான் கொடுப்பேன்."

கொஞ்சம் தயங்கினார். "ஆத்தா பேரையுமா அடிச்சிட்டீங்க?"

புத்தகத்தை அவர் பக்கம் திருப்பினேன். அவர் கண்ணாடி கொண்டுவரவில்லை. அதனால் மிச்சம் இருந்ததை நானே படித்தேன். "அவர்தம் துணைவியார் அழகம்மாள்." அதற்குப் பிறகு பக்கத்தின் ஓரம் வரை கறுப்பு.

பெரியவர் அந்தப் பெயரின் மேல் விரலை வைத்தார். பக்கத்தில் அடித்த மை இன்னும் காயவில்லை, விரலில் ஒட்டியது.

"அது வரைக்கும் சரிதான்" என்றார்.

பிறகு பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பண்டலிலிருந்து அடுத்த புத்தகத்தை எடுத்து, பதினேழாம் பக்கத்தை விரித்து, எனக்கு முன்னால் வைத்தார்.